கேள்வி – பதில்: பட்டம் வாங்கும் முன்பே ஆராய்ச்சி

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கல்லூரி மாணவர்கள் அனுப்பிய கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெயர்களை விட்டுவிட்டு ஊரும் படிப்பும் மட்டும் போட்டிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

எங்கள் கல்லூரியில் பெரிய கருவி எதுவும் கிடையாது. சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஆள் தெரிந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்கிறார்கள். உண்மையா?
– பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி, பள்ளத்தூர்

ஆள் தெரிய வேண்டியதில்லை. எந்த ஆளிடம் கேட்பது என்று தெரிந்தால் போதும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட நிறுவனம் அது. உள்ளூர்ப் பிள்ளைகளில் பலர் இன்னும் அதன் காம்பவுண்டுச் சுவரை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

சிக்ரி என்றதும் பொதுவாக ‘கெமிஸ்ட்ரி’ என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது மின்வேதியியலுக்கான ஆய்வகம். பேட்டரி, அரிமானம் (உலோக அரிப்பு), மின்முலாம், எரிபொருள் மின்கலம், உணரிகள் எனப் பல பிரிவுகள் உண்டு. நிறுவனத்தின் இணையதளத்தில் விஞ்ஞானிகள் பட்டியல் இருக்கிறது. அதில் உங்களுக்குப் பிடித்த ஒரு பிரிவை எடுத்து, மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் கடந்த இரண்டு ஆண்டுகளில் எழுதிய ஒரு கட்டுரையையாவது பாருங்கள். முழுவதும் புரியாது. சுருக்கம், படங்கள், சோதனை முறை ஆகிய மூன்று பகுதிகளும் புரிந்தால் இப்போதைக்குப் போதும்.

கட்டுரைக்குக் காசு கேட்கிறது என்று பலர் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படித்தால் முதலில் நூலகரிடம் போங்கள். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. அதன்படி மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரி என்றால், கட்டுரையாளருக்கே எழுதி ஒரு பிரதி கேட்கலாம். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இளங்கலை மாணவருக்குக் கட்டுரையைவிட ஆய்வேடு நல்லது, ஏனென்றால் கட்டுரையில் ஒரு வரியில் முடிந்துவிடும் செய்முறை அதில் பக்கக்கணக்கில் இருக்கும்.

செப்டம்பர் 26, சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். தொடங்கப்பட்ட நாள். அதையொட்டி ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. அன்று கூட்டத்தோடு சுற்றிவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு வராதீர்கள். விளக்கம் சொல்லும் ஆய்வு மாணவரிடம் ‘இங்கே புராஜெக்டுக்கு எந்த மாதம் ஆள் எடுப்பீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் சரியான தகவல். சேர்வதற்குக் கல்லூரி முதல்வரின் கடிதம் வேண்டும். சில ஆய்வகங்கள் பயிற்சிக் கட்டணமும் வாங்குகின்றன. ‘இடம் உண்டு’ என்று பதில் வந்த உடனேயே இந்த இரண்டையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கோடை ஆய்வுப் பயிற்சி கேட்டு நாற்பது பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். ஒரு பதில்கூட இல்லை.
– பி.இ. மூன்றாம் ஆண்டு, காரைக்குடி

நாற்பது பேருக்கும் ஒரே மெயில் போயிருக்கும். ‘ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி பேஷனேட்’ என்று தொடங்கும் கடிதம் அவர்களுக்கு வாரத்துக்குப் பத்து வருகிறது. முதல் வரி தாண்டாமல் அழித்துவிடுவார்கள்.

நாற்பதுக்குப் பதில் ஐந்து எழுதுங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக. ஆங்கிலத்தில் 150 சொற்களுக்குள் இருக்கட்டும். பொருள் வரியில் மூன்று செய்தி வேண்டும்: கோடை ஆய்வுப் பயிற்சி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, உங்கள் படிப்பும் ஆண்டும். முதல் பத்தி இரண்டே வாக்கியம், நீங்கள் யார் என்று. இரண்டாம் பத்தியில்தான் உயிர் இருக்கிறது. அவருடைய கட்டுரை ஒன்றில் நீங்கள் கவனித்த ஒரு விஷயத்தையும், அதிலிருந்து உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியையும் எழுத வேண்டும். ‘உங்கள் சோடியம் அயனி பேட்டரிக் கட்டுரையில் ஐம்பது சுழற்சிக்குப் பிறகு கொள்ளளவு திடீரென்று சரிகிறது, அதற்குக் காரணம் மின்முனையா, மின்பகுளியா?’ என்பது போல. கேள்வி அசட்டுத்தனமாக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம், கட்டுரையைப் படித்தீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மூன்றாம் பத்தியில் உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்று சொல்லுங்கள். பைத்தான் கொஞ்சம், தரம்பார்த்தல் (டைட்ரேஷன்), மல்டிமீட்டர், எதுவானாலும் உள்ளது உள்ளபடி. ஒரு பக்க சுயவிவரமும் மதிப்பெண் பட்டியலும் ஒரே பிடிஎஃப் கோப்பாக, கோப்பின் பெயரில் உங்கள் பெயரோடு இருக்கட்டும்.

பத்து நாள் பொறுத்து அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒரே துறையில் இருவருக்கு ஒரே நேரத்தில் எழுதாதீர்கள், மதியச் சாப்பாட்டில் பேசிக்கொள்வார்கள்.

கோடைக்கால ஆய்வு உதவித்தொகைகள் பற்றி ஏப்ரலில்தான் தெரியவருகிறது. அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எப்போது எதற்கு விண்ணப்பிக்க வேண்டும்?
– பி.எஸ்சி. இயற்பியல், புதுவயல்

பயிற்சி மே, ஜூனில் நடக்கும். விண்ணப்பம் அதற்கு முந்தைய அக்டோபரிலேயே தொடங்கிவிடும். தவறவிடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் தவறவிடுகிறார்கள்.

முதலில் வருவது மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வுத் திட்டம். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் அகாடமிகளின் கூட்டு அது. வழக்கமாக நவம்பர் இறுதிக்குள் மூடிவிடுவார்கள், நம் பக்கத்து செமஸ்டர் தேர்வும் அப்போதுதான். தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் போச்சு. செப்டம்பரிலேயே எழுத்துப் பகுதியைத் தயார் செய்துவிடுங்கள். என்ன ஆராய விருப்பம், ஏன் என்று சில நூறு சொற்களில் கேட்பார்கள். அதில் பாடப்புத்தக வரையறையை எழுதுபவர்கள் கழிந்துவிடுகிறார்கள்.

பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தின் கோடைத் திட்டம் அதே பருவத்தில் வரும். மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் மாணவர் திட்டம், ஐசர்களின் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) தனித்தனித் திட்டங்கள், சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைப் பயிற்சி ஆகியவை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னை ஐ.ஐ.டி. திட்டத்தில் பொறியியல் மாணவர் என்றால் மூன்றாம் ஆண்டில் இருக்க வேண்டும். இயற்பியலும் கணிதமும் படிப்பவர்கள் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தையும் பாருங்கள். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும், அதனால் அக்டோபர் முதல் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அந்தந்தத் தளங்களைத் திறந்து பார்த்துவிட வேண்டியதுதான்.

முதல், இரண்டாம் ஆண்டுக்காரர்களை இவற்றில் பல சேர்த்துக்கொள்வதில்லை. அவர்களுக்கென்று மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் ‘நியஸ்’ என்ற முகாம் நடத்துகிறது. அதிகம் பேர் கவனிக்காத நல்ல வழி.

ஒன்று சொல்ல வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். கடைசி நாளன்று ஸ்டாஃப் ரூம் வாசலில் போய் நிற்காதீர்கள். மூன்று வாரம் முன்னதாக, உங்கள் மதிப்பெண், அவர் பாடத்தில் நீங்கள் செய்த செய்முறை, திட்டத்தின் பெயர், கடைசித் தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். சில திட்டங்களில் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே இணைப்பு போகும். அது ஸ்பாமில் விழுந்து கிடக்கும். ‘சார், ஸ்பாம் பெட்டியையும் ஒரு தடவை பார்த்துடுங்க’ என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

மகளுக்கு பெங்களூரில் இரண்டு மாதம் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. தனியாக அனுப்ப அவளுடைய அப்பச்சி யோசிக்கிறார்கள்.
– ஒரு தாய், தேவகோட்டை

யோசிப்பதில் தப்பில்லை ஆச்சி. எதை விசாரிப்பது என்று மட்டும் சொல்கிறோம். தங்குமிடம் வளாகத்துக்குள்ளா, வெளியிலா? வெளியில் என்றால் ஆய்வகத்திலிருந்து எவ்வளவு தூரம்? இரவு எத்தனை மணி வரை வேலை இருக்கும்? விடுதிப் பொறுப்பாளரின் எண் என்ன? இவற்றை மகளையே அந்த அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள், பதில் எழுத்தில் வரும். முதல் இரண்டு நாள் கூடப் போய் இருந்துவிட்டு வாருங்கள். உதவித்தொகை பல இடங்களில் கடைசியில்தான் கைக்கு வரும், எனவே இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும்.

நான் வரலாறு படிக்கிறேன். ஆராய்ச்சி என்றால் சயின்ஸ் பிள்ளைகளுக்கு மட்டும்தானா?
– பி.ஏ. மாணவர், கானாடுகாத்தான்

கானாடுகாத்தானில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்கிறீர்களே! உங்கள் தெருவிலேயே பூட்டிய வீடுகளின் பெட்டகங்களில் பேரேடும் சிட்டையும் (கணக்குக் குறிப்பேடு) இசைகுடிமானமும் (திருமண ஒப்பந்தப் பத்திரம்) கிடக்கின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சு நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும்தான், அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கும் சரக்கு நம் ஊரிலிருந்து போனதுதான்.

‘நகரத்தார் வணிகம்’ என்று தலைப்பு வைத்தால் மூன்று தலைமுறைக்கும் முடியாது. ஒரு வீட்டின் ஒரே ஒரு கல்யாணச் சிட்டையை எடுங்கள். அதில் எந்தெந்தப் பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது, என்ன விலை என்று மட்டும் பாருங்கள். ஒரு பருவத்துக்கு அது போதுமான வேலை.

முதலில் வீட்டாரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பங்காளிகள் பலருக்குப் பாத்தியப்பட்ட வீடு என்றால், சாவி வைத்திருப்பவர் ஒருவரின் சம்மதம் போதாது. ஏட்டை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள், கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டில் பழுத்து எழுத்தைத் தின்றுவிடும். பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு பக்க எண் குழம்பும்.

படிக்கும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். முதலாவது ஆண்டு. சிட்டையில் ‘விக்ருதி வருஷம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் 1890-91ம் விக்ருதி, 1950-51ம் விக்ருதி. எது என்று முடிவுகட்ட உள்ளே சாட்சி தேட வேண்டும். மணமக்களின் பெயரை வீட்டு வம்சாவளியோடு ஒப்பிடலாம். ரயில், பஸ் கட்டணம் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது கணக்கு. 1957 ஏப்ரலுக்கு முன்பு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 ‘பை’ என்ற சிறு காசு. 3-8-6 என்று இருப்பதை மூன்று ரூபாய் எண்பத்தாறு காசு என்று கூட்டி, மொத்தம் சரியாக வரவில்லையே என்று திகைப்பார்கள். அது மூன்று ரூபாய் எட்டு அணா ஆறு பை, அதாவது மூன்றரை ரூபாய்க்கு அரை அணா கூடுதல். தமிழ் எண்களும், மா (இருபதில் ஒன்று), காணி (எண்பதில் ஒன்று) போன்ற பின்னக் குறிகளும் வந்தால் ஊரில் கணக்குப்பிள்ளையாக இருந்த பெரியவர் யாரையாவது பிடியுங்கள், அரை மணியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

முடித்ததைக் காட்ட வழிகாட்டி வேண்டும் என்றால் உங்கள் துறை ஆசிரியரிடமிருந்தே தொடங்குங்கள். பிறகு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு எழுதும்போது உங்கள் கையில் முப்பது பக்கம் படியெடுத்த சிட்டை இருக்கும்.

கல்லூரிக்குள்ளேயே இறுதியாண்டு புராஜெக்ட் செய்யப் போகிறோம். மூலிகைச் சாறு கொண்டு இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது என்று தலைப்பு. எடை இழப்பு முறை, அதாவது இரும்புத் தகட்டை அமிலத்தில் வைத்து, முன்னும் பின்னும் எடை பார்ப்பது. முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.
– பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு, திருப்பத்தூர்

தலைப்பைப் பற்றி முதலில். எந்த இலையைப் பிழிந்து அமிலத்தில் விட்டாலும் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும். தமிழ்நாட்டில் இலை பாக்கியில்லாமல் செய்தாயிற்று. ‘எத்தனை சதவீதம் தடுக்கிறது’ என்பதோடு நிற்காமல், வெப்பநிலை 30-லிருந்து 60 டிகிரிக்குப் போனால் தடுப்பு குறைகிறதா, சாற்றை ஒரு வாரம் வைத்திருந்தால் வீரியம் போய்விடுகிறதா என்று ஒரு கேள்வியைச் சேருங்கள்.

முடிவு ஒத்துவராததற்கு நான்கைந்து வழக்கமான காரணங்கள் உண்டு. தகட்டை 220, 400, 600 எண் எமரி தாளில் வரிசையாகத் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் எடை பார்க்க வேண்டும். தொங்கவிடுவது நைலான் நூலில். செம்புக் கம்பியில் தொங்கவிட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து மின்கலம் ஆகி, தகடு வேகமாக அரிக்கும். சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 20 மில்லிலிட்டர் கரைசல் வேண்டும். 4 × 2 × 0.2 செ.மீ. தகட்டின் மொத்தப் பரப்பு 18.4 சதுர செ.மீ. என்பதால் சுமார் 370 மில்லி தேவை. நூறு மில்லி பீக்கரில் போட்டால் அமிலமே தீர்ந்துபோய், தடுத்தது சாறா, அமிலக் குறைவா என்று சொல்ல முடியாது.

அரிமான வேகத்துக்கு, எடை இழப்பை மில்லிகிராமில் எடுத்து 87.6 ஆல் பெருக்கி, அடர்த்தி, பரப்பு, மணிநேரம் மூன்றின் பெருக்கற்பலனால் வகுங்கள். விடை ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று வரும். மேற்சொன்ன தகடு 24 மணியில் 40 மில்லிகிராம் இழந்தால், இரும்பின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம் என்று வைத்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 1.01 மி.மீ. பலர் தகட்டின் ஒரு பக்கத்தை மட்டும் பரப்பாக எடுத்து இரட்டிப்பு விடை எழுதுகிறார்கள். விளிம்புகளையும் சேர்க்க வேண்டும். எடை பார்க்கும் முன் துருவை மென்மையான பிரஷ்ஷால் ஓடும் நீரில் நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று தகடு. மூன்றில் ஒன்று விலகினால் அதைத் தூக்கிப் போடாமல், விலகியது என்று எழுதிக் காரணம் தேடுங்கள்.

செலவுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்ட உதவி இருக்கிறது. வழிகாட்டி ஆசிரியர், துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இறுதியாண்டு தொடங்கியதுமே துறைத்தலைவரிடம் கேட்டுவையுங்கள்.

இரண்டு அரியர் இருக்கிறது. முயற்சி செய்யலாமா?
– பி.இ., காரைக்குடி

போட்டி உதவித்தொகைகளில் கஷ்டம். உள்ளூர் ஆய்வகத்திலோ உங்கள் கல்லூரி ஆசிரியரிடமோ கேட்கத் தடையில்லை. கேட்டால் மறைக்காதீர்கள். அரியர் தேர்வு தேதியை முன்பே சொல்லிவிட்டால் அதற்கு விடுப்பு கேட்பதும் சுலபம்.

ஆறாயிரம் ரூபாய் கட்டினால் ஆன்லைன் ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப், சான்றிதழ், கூடவே ஒரு சர்வதேச இதழில் கட்டுரை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சேரலாமா?
– பி.சி.ஏ., அரியக்குடி

வேண்டாம். மூன்று நாளில் கட்டுரை வெளியிடுகிறேன் என்பவர் அதை யாரிடமும் படிக்கக் கொடுப்பதில்லை. நேர்காணலில் அந்த இதழின் பெயரைப் பார்த்ததும் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் மாறும். அதே ஆறாயிரத்துக்குப் பழைய மடிக்கணினிக்கு ராம் போட்டு, திறந்த தரவுத்தொகுப்பு ஒன்றை எடுத்து ஒரு கட்டுரையின் முடிவை நீங்களே திரும்பச் செய்து பாருங்கள். அது வருகிறதா, வரவில்லையா என்று எழுதிய நான்கு பக்கம் அந்தச் சான்றிதழைவிட மதிப்பு வாய்ந்தது.

ஒரு ஆய்வகத்தில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. பெர்ரிசயனைடில் சுழற்சி வோல்ட் வரைபடம் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளப்பது) எடுக்கச் சொன்னார்கள். இரண்டு சிகரங்களுக்கும் இடையே 140 மில்லிவோல்ட் வருகிறது. 59 வர வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. சாரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.
– பி.எஸ்சி. மாணவி, குன்றக்குடி

59 என்பது 25 டிகிரியில் ஒரு எலெக்ட்ரான் வினைக்கான கொள்கை அளவு. நடைமுறையில் 60 முதல் 80 வரை வந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 140 என்றால் எங்கோ கோளாறு, அதுவும் அநேகமாகச் சின்னக் கோளாறு.

வயர்களைப் பாருங்கள்: ஒப்பீட்டு மின்முனையின் வயரும் பிளாட்டினம் துணை மின்முனையின் (கவுன்டர் எலெக்ட்ரோடு) வயரும் மாறியிருக்கலாம். அடுத்து ஒப்பீட்டு மின்முனையின் நுனியில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இருந்தால் உதறுங்கள். பிறகு உப்பு. பொட்டாசியம் குளோரைடு 0.1 மோலார் போட்டிருந்தால் 1 மோலார் ஆக்கிப் பாருங்கள். இடைவெளி சுருங்கினால் குற்றவாளி கரைசலின் மின்தடை. சுருங்கவில்லையென்றால் மின்முனை அழுக்கு. கண்ணாடிக் கார்பன் மின்முனையை அலுமினாத் தூளில் 1, 0.3, 0.05 மைக்ரான் என்ற வரிசையில், துணித் திண்டின்மேல் எட்டு எழுதுவது போல ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் மெருகேற்றுங்கள். ஒரு தூளிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் நன்றாகக் கழுவ வேண்டும், ஒன்றின் துணியில் இன்னொன்றைத் தேய்க்கக் கூடாது. நீரில் ஒலியலைக் குளியல் ஒரு நிமிடம் போதும். நெடுநேரம் வைத்தால் கார்பனைச் சுற்றியுள்ள உறை விலகி, கசிவு வரும்.

அப்புறம் நொடிக்கு 20, 50, 100, 200 மில்லிவோல்ட் வேகங்களில் நான்கு வரைபடம் எடுங்கள். சிகர மின்னோட்டத்தை வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராகப் போட்டால் நேர்க்கோடு வர வேண்டும். மெருகேற்றும் முன் எடுத்த 140 வரைபடத்தையும் நோட்டில் ஒட்டி, தேதி போட்டு, என்ன மாற்றினீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். அந்தப் பக்கத்தோடு சாரிடம் போனால் அவர் கோபப்பட மாட்டார், அடுத்த சோதனைக்கு எந்தக் கரைசல் என்று சொல்வார்.